வேலியண்ட் (சிம்பொனி)

வேலியண்ட் என்பது தமிழ்நாட்டைச் சேர்ந்த இசையமைப்பாளர் இளையராஜா மேனாட்டுச் செவ்விசைக் குழுவுக்கென எழுதிய, நான்கு பகுதிகளைக் கொண்ட சிம்பொனி (ஒத்தின்னியம்) ஆகும். இது 2025 மார்ச் 8 அன்று இலண்டன் மாநகரின் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியது. ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, மிக்கேல் டாம்ஸ் இசை நடத்துனராக இருந்தார். அரங்கேற்றத்தின்போது இளையராஜாவுக்கு அகவை 81. நிகழ்ச்சியின் முற்பகுதியில் சிம்பொனி முழுமையாக வாசிக்கப்பட்டது. பிற்பகுதியில் அவருடைய பாடல்கள் அதே இசைக்குழுவுக்கேற்ற வடிவில் இடம்பெற்றன.

பெயரும் எண்ணும்

வேலியண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தீரம் மிக்க, அஞ்சாத என்று பொருள் கூறலாம். இளையராஜா இப்படைப்புக்கு "சிம்பொனி எண் 1" என்று எண்ணிட்டுள்ளார். இதே இசையமைப்பாளர் 1993இலேயே ஒரு சிம்பொனியை எழுதி, இதே இசைக்குழுவைக் கொண்டு, இதே நகரில் ஒலிப்பதிவும் செய்திருந்தார். அப்பதிவு வெளியிடப்படவில்லை. எனவே எழுதிய வரிசையில் வேலியண்ட் முதலாவது அன்று; மக்கள் முன் ஒலித்த வரிசையிலேயே முதலாவதாகிறது. இளையராஜாவின் இசையைப் பற்றி எழுதுவோர் இவ்விரு படைப்புகளையும் ஒன்றெனக் கருதி மயங்குவது உண்டு. அவை வெவ்வேறானவை.

சிம்பொனி என்னும் வடிவம்

தமிழ்த் திரையுலகில் "சிம்பொனி" என்ற சொல் நெடுங்காலமாகத் தளர்வான பொருளிலேயே வழங்கி வந்துள்ளது. பல வயலின்கள் ஒருங்கே ஒலிக்கும் எந்தப் பின்னணி இசையையும் சிம்பொனி என்று அழைக்கும் வழக்கம் உள்ளது. மேனாட்டு இசை மரபில் இச்சொல் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைச் சுட்டுகிறது. "சேர்ந்து ஒலித்தல்" என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய இசையறிஞர் ஜோசப் ஹைடன் நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதிய காலத்தில் நிலைபெற்றது. பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும்: விரைவான முதற்பகுதி, மெதுவான இரண்டாம் பகுதி, நடன நடையிலமைந்த மூன்றாம் பகுதி, மீண்டும் விரைவான முடிவுப் பகுதி. பீத்தோவன் தம்முடைய ஒன்பது சிம்பொனிகளில் இவ்வமைப்பை நீட்டியும் வளைத்தும் பார்த்தார். அவருடைய ஒன்பதாவது சிம்பொனியில் மனிதக் குரலும் சேர்ந்தது.

வடிவத்தைவிட முக்கியமானது அதன் உள்ளியக்கம். ஒரு சிறிய இசைக்கரு முன்வைக்கப்படும். அதற்கு மாறான மற்றொன்று எதிரே வைக்கப்படும். இரண்டும் உடைக்கப்பட்டு, சுருதி மாற்றப்பட்டு, கருவிக்குக் கருவி கைமாற்றப்பட்டு, இறுதியில் மீண்டும் இல்லம் திரும்பும். நம் இசையில் ஒரே பல்லவி வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும் வித்துவானின் செயலோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். ஆயினும் வேறுபாடு பெரிது. நிரவல் மேடையிலேயே பிறக்கிறது. சிம்பொனியில் ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. மேலும், நம் இசை ஒரே ஆதார சுருதியில் நின்று ஒரு வரியாக விரிவது. சிம்பொனியோ பல வரிகள் ஒரே வேளையில் வெவ்வேறு வழியில் நடந்து ஒன்றோடொன்று பொருந்துவது.

பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது தமிழுக்குப் புதிதன்று. "பல்லியம்" என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே உள்ளது. நெடும்பல்லியத்தனார் என்ற பெயரில் ஒரு புலவரும் இருந்துள்ளார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கில் குழல், யாழ், தண்ணுமை முதலிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் முறையை வரிசைப்படுத்திக் கூறுகிறது. ஆயினும் இவற்றைச் சிம்பொனியின் முன்னோடி என்று கூறுவது மிகையாகும். கருவிகளின் சேர்க்கை வேறு. பல சுரவரிகளின் சேர்க்கை வேறு.

எண்பது பேருக்கு எழுதுதல்

முழு அளவிலான சிம்பொனி இசைக்குழுவில் நான்கு குடும்பங்கள் உண்டு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய மரக்காற்றுக் கருவிகள். ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள். டிம்பனி முதலிய தாளக் கருவிகள். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய தந்திக் கருவிகள். இசையமைப்பாளர் எழுதும் முழு இசைத்தாளில் இவை மேலிருந்து கீழாக இதே வரிசையில் அமைந்திருக்கும். ஒரு பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தாலும், வாசிக்கும்போது சில நொடிகளே கடந்திருக்கும்.

எழுதுபவர் கணக்கில் கொள்ளவேண்டிய நுட்பங்கள் பல. கிளாரினெட், ஹார்ன் போன்றவை எழுதியபடி ஒலிப்பதில்லை. பி பிளாட் கிளாரினெட்டுக்கு "சி" என எழுதினால் "பி பிளாட்" சுரமே கேட்கும். காற்றுக் கருவி வாசிப்பவருக்கு மூச்செடுக்க இடம் விடவேண்டும். மெல்லிய புல்லாங்குழல் வரி பித்தளை முழக்கத்தின் அடியில் புதைந்துவிடக் கூடாது. வயலின் வில் மேலே செல்கிறதா கீழே வருகிறதா என்பது கூட ஒலியின் அழுத்தத்தை மாற்றும். முழுத்தாள் முடிந்த பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் பிரித்தெழுதப்படும். வாசிப்பவர் முன் அவருடைய வரி மட்டுமே இருக்கும்; மற்றவர்கள் வாசிப்பதை அவர் காதால் கேட்டும் நடத்துனரின் கைகளைக் கண்டும் மட்டுமே அறிவார். தனித்தாளில் ஒரு பிழை இருந்தால் ஒத்திகையின் பல நிமிடங்கள் அதிலேயே கரைந்துபோகும். இலண்டன் இசைக்குழுக்களில் ஒத்திகை நேரம் மிகக் குறைவு. பார்த்தவுடன் வாசிக்கும் திறனுக்கு அவர்கள் பெயர்பெற்றவர்கள்.

இப்பணியில் இளையராஜாவின் திரையுலகப் பழக்கம் பெரிதும் உதவியிருக்க வேண்டும். ஆர்மோனியத்தில் வாசித்துக்காட்டி, மற்றவர் அதை எழுதிக்கொள்ளும் முறை பரவலாக இருந்த துறையில், அவர் கருவி ஒவ்வொன்றுக்குமான குறிப்பைத் தாமே மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதிக் கொடுப்பவர் என்பது அவருடன் பணியாற்றிய கலைஞர்கள் பலரும் பதிவுசெய்துள்ள செய்தியாகும்.

பின்னணி

இளையராஜா 1943ஆம் ஆண்டு இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வாசித்த காலமே அவருடைய முதல் பள்ளி. பின்னர் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைப் பயின்றார். பாக், பீத்தோவன், மோட்சார்ட் ஆகியோரின் இசைத்தாள்களை அங்கேதான் அவர் படிக்கத் தொடங்கினார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தபின், 1976இல் "அன்னக்கிளி" திரைப்படத்தின் மூலம் இசையமைப்பாளரானார். கருநாடக இசையை டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார்.

சென்னையில் மேனாட்டு இசைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1842இல் தொடங்கப்பட்ட மிஸ்க்வித் இசைக்கருவிக் கடையே பின்னர் மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறியது. 1893இல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேசன் என்ற சேர்ந்திசை அமைப்பு உருவானது. தேவாலயங்களில் பாடியும் வாசித்தும் பழகியவர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், காவல்துறை மற்றும் இராணுவ பாண்டு வாத்தியக் கலைஞர்கள் எனப் பலர் இசைக்குறியீட்டைப் படிக்கக் கூடியவர்களாக இருந்தனர். திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்கள் இவர்களைச் சேர்த்துக்கொண்டன. அந்நகரில் முழுநேரச் சிம்பொனி இசைக்குழு ஒன்று இல்லாத குறையை, வடபழனியையும் கோடம்பாக்கத்தையும் சுற்றியிருந்த ஒலிப்பதிவுக் கூடங்களே பல்லாண்டுகள் தம் வழியில் ஈடுசெய்தன எனலாம்.

இளையராஜாவின் திரைப்பாடல்களில் பல சுரவரிகளைப் பின்னும் முறை தொடக்கத்திலிருந்தே காணப்படுகிறது. "சிட்டுக்குருவி" (1978) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடிய பாடலொன்றில் இரண்டு தனித்தனி மெட்டுகள் ஒரே வேளையில் ஒலித்து ஒன்றுக்கொன்று விடைசொல்வதைக் கேட்கலாம். 1986இல் வெளிவந்த "ஹவ் டு நேம் இட்" என்ற கருவியிசைத் தொகுப்பு தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மையாக ஒலிக்கிறது. பாக் எழுதிய வயலின் இசைப்பகுதி ஒன்றின்மேல் இந்திய இராக வரியொன்றைப் படரவிட்ட துணிவு அத்தொகுப்பில் உண்டு. 1988இல் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவுடன் "நத்திங் பட் விண்ட்" வெளிவந்தது. இவை சிம்பொனிகள் அல்ல. ஆனால் இவற்றைக் கேட்டவர்களுக்கு 1993இன் செய்தி வியப்பை அளித்திருக்காது.

1993ஆம் ஆண்டின் சிம்பொனி

1993இல் இளையராஜா இலண்டன் சென்று தம் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். ஜான் ஸ்காட் நடத்துனராக இருந்தார். இச்செய்தி தமிழ்நாட்டில் பெருமிதத்துடன் வரவேற்கப்பட்டது. பாராட்டு விழாக்களும் நடந்தன. ஆனால் இசைத்தட்டு வெளிவரவில்லை.

தமிழிசை வரலாற்றில் இது விந்தையான நிலை. பாராட்டப்பட்ட படைப்பைப் பாராட்டியவர்கள் கேட்கவில்லை. ஒரு தலைமுறை வளர்ந்து அடுத்த தலைமுறை வந்தபோதும், "இளையராஜா சிம்பொனி எழுதியவர்" என்ற வாக்கியம் பள்ளிப் பொது அறிவு வினாவிடைகள் வரை சென்றுவிட்டது. அதன் ஒரு நொடி இசை கூடப் பொதுமக்கள் செவிக்கு எட்டவில்லை. நாவல் அச்சேறாவிட்டாலும் கையெழுத்துப் படியைப் படிக்கலாம். சிம்பொனியின் கையெழுத்துப் படியைப் படித்து மனத்துக்குள் கேட்க வல்லவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களைப் பொறுத்தவரை, வாசிக்கப்படாத சிம்பொனி இல்லாத சிம்பொனியே. வேலியண்ட் நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டை வாங்கியவர்களில் பலர் முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்புக்கும் சேர்த்தே அதை வாங்கினர் என்று சொல்வதில் தவறில்லை.

இடைப்பட்ட காலம்

1993க்கும் 2025க்கும் இடையே இளையராஜா ஐரோப்பிய இசைக்குழுக்களுடன் பலமுறை பணியாற்றினார். "குரு" (1997, மலையாளம்), "ஹே ராம்" (2000), "பழசிராஜா" (2009, மலையாளம்) ஆகிய திரைப்படங்களின் இசை ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர இசைக்குழுவின் பங்களிப்போடு உருவானது. பழசிராஜாவின் பின்னணி இசைக்குத் தேசியத் திரைப்பட விருது கிடைத்தது.

இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது 2005இல் வெளிவந்த "சிம்பொனியில் திருவாசகம்". ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம் இதனை வெளியிட்டது. மாணிக்கவாசகரின் பாடல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் புடாபெஸ்ட் இசைக்குழுவின் பின்னணியில் பாடப்பட்டன. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். பெயரில் சிம்பொனி என்று இருந்தாலும், குரலும் குழுப்பாடலும் சமயப் பொருளும் கொண்ட இப்படைப்பை ஆரட்டோரியோ என்று அழைப்பதே வடிவ அளவில் பொருந்தும். ஹேண்டலின் "மெசையா" அவ்வகையைச் சேர்ந்தது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் அந்நூலைத் தம் எண்பதாம் அகவையில், 1900இல் வெளியிட்டார் என்பதும், இளையராஜா தம் எண்பத்தொன்றாம் அகவையில் சிம்பொனியை அரங்கேற்றினார் என்பதும் தற்செயலான ஒற்றுமை.

இதே காலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் நிலை தலைகீழாக மாறியது. மின்னணு இசைப்பலகைகளும் கணினியும் வந்தபின், நாற்பது வயலின்கள் அமர்ந்த இடத்தில் ஒருவர் போதுமென்றாயிற்று. தந்திக் கருவிக் கலைஞர்களுக்கு நாள்தோறும் கிடைத்துவந்த பணி குறைந்தது. 2008இல் ஏ. ஆர். ரகுமான் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரி, மேனாட்டு இசையைக் கற்பிக்கும் பணியை வேறொரு திசையிலிருந்து மேற்கொண்டது. இந்தியாவில் தொழில்முறைச் சிம்பொனி இசைக்குழு என்று சொல்லத்தக்க சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆப் இந்தியா 2006இல் மும்பையில் நிறுவப்பட்டது. சென்னையில் அத்தகைய ஒன்று உருவாகவில்லை. தமிழர் ஒருவரின் சிம்பொனி இலண்டனில் பிறக்க வேண்டியிருந்ததற்கு இலண்டனின் பெருமை மட்டும் காரணமன்று.

இயற்றல்

வேலியண்ட் சிம்பொனியை முப்பத்தைந்து நாட்களுக்குள் எழுதி முடித்ததாக இளையராஜா 2024ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி அறிவித்தார். திரைப்படத்துக்கான பின்னணி இசையின் சாயல் படியாத தூய சிம்பொனியாகவே இதனை அமைத்துள்ளதாகவும் அவர் கூறினார்.

இக்கூற்று எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழ்க் கேட்பாளர் இளையராஜாவின் வயலின் வரிகளைக் கேட்டவுடன் ஏதேனும் ஒரு படத்தின் காட்சி மனத்தில் எழும். மழையும் இரயிலும் பிரிவும் அவ்வொலியோடு ஒட்டியே வந்தவை. சிம்பொனியிலோ ஒட்டிக்கொள்ளக் காட்சி கிடையாது; சொல்லும் கிடையாது. நாயகி அழுவதற்காக இசை நிற்காது, வசனத்துக்காகத் தணியாது. தன் காரணங்களாலேயே அது வளர்ந்தாக வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் காட்சியின் நீளத்துக்கு இசையை வெட்டித் தைத்த ஒருவருக்கு இவ்விடுதலை எளிதான ஒன்றாக இருந்திருக்காது.

முப்பத்தைந்து நாட்கள் என்பது பலரை வியக்க வைத்தது. மேனாட்டு வரலாற்றில் இரு துருவங்களும் உண்டு. மோட்சார்ட் தம் கடைசி மூன்று சிம்பொனிகளை 1788ஆம் ஆண்டின் ஒரே கோடைகாலத்தில் எழுதி முடித்தார். பிராம்ஸ் தம் முதலாவது சிம்பொனிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு 1876இல் அரங்கேற்றினார். ஆகவே விரைவு என்பது தகுதிக்கோ தகுதியின்மைக்கோ சான்றாகாது.

அரங்கேற்றம்

நிகழ்ச்சிக்கு முன்னர் 2025 மார்ச் 2 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இளையராஜாவின் இல்லத்துக்குச் சென்று வாழ்த்துத் தெரிவித்தார்.

நிகழ்ச்சி நடந்த ஈவென்டிம் அப்பல்லோ 1932இல் கோமான்ட் பேலஸ் என்ற பெயரில் திரையரங்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் ஹாமர்ஸ்மித் ஓடியன் என்ற பெயரில் ராக் இசை நிகழ்ச்சிகளுக்குப் புகழ்பெற்றது. அமர்ந்து காண்போர் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு அங்கு இடமுண்டு. செவ்விசை வழக்கமாக ஒலிக்கும் ராயல் பெஸ்டிவல் ஹால், பார்பிகன் போன்ற அரங்குகளின் வரிசையில் இது சேராது. திரையிசையால் உலகறிந்த ஒருவரின் சிம்பொனி முன்னாள் திரையரங்கில் அரங்கேறியது பொருத்தமாகவே அமைந்தது.

ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1946இல் சர் தாமஸ் பீச்சம் என்ற நடத்துனரால் நிறுவப்பட்டது. செவ்விசையோடு திரையிசை, பரப்பிசைப் பதிவுகளிலும் நீண்ட அனுபவம் கொண்டது. வேலியண்ட் நிகழ்ச்சியில் ஏறத்தாழ எண்பது கலைஞர்கள் பங்கேற்றனர். சிம்பொனியின் நான்கு பகுதிகளும் தொடர்ந்து வாசிக்கப்பட்டன. இடைவேளைக்குப் பின் பாடல்கள் தொடர்ந்தன. பலமுறை கேட்டுப் பழகிய மெட்டுகளைத் தபேலாவும் மின்கிதாரும் இன்றி முழுச் சிம்பொனிக் குழுவின் ஒலியில் கேட்பது கேட்பாளருக்கு அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பாகும். திரைப்பாடலில் குரலுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் இரண்டாம் வயலின் வரியும் செல்லோ வரியும் இத்தகைய வாசிப்பில்தான் முன்னுக்கு வருகின்றன.

கைதட்டல்

நிகழ்ச்சியைப் பற்றிப் பின்னர் அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று கைதட்டல். நான்கு பகுதிகளும் முடியும் வரை கைதட்டாமல் இருப்பது இன்றைய செவ்விசை அரங்குகளின் வழக்கம். அப்பல்லோவில் கூடியிருந்தவர்கள் முதற்பகுதி முடிந்தவுடனேயே கைதட்டினர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அது தொடர்ந்தது. நாடு திரும்பிய இளையராஜா இதனைச் செய்தியாளர்களிடம் மகிழ்ச்சியோடு எடுத்துரைத்தார்.

இதனை அறியாமை என்று கூறுவது சரியன்று. இடையில் கைதட்டாத வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1778இல் பாரிசில் தம் சிம்பொனி வாசிக்கப்பட்டபோது, பகுதியின் நடுவிலேயே எழுந்த கைதட்டலை மோட்சார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் பெருமையோடு விவரித்துள்ளார். 1813 திசம்பரில் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது அதன் இரண்டாம் பகுதியைக் கூட்டத்தினர் மறுமுறை வாசிக்கச் செய்தனர். தனியாவர்த்தனம் முடியும்போதும் ஆலாபனையின் நடுவே நல்லதொரு பிடி விழும்போதும் கைதட்டிப் பழகிய தமிழ்க் கேட்பாளர், தம்மையறியாமலே மோட்சார்ட் காலத்து அரங்கின் வழக்கத்துக்குத் திரும்பினர்.

"முதல்" என்னும் கூற்று

இளையராஜாவை "சிம்பொனி எழுதிய முதல் ஆசியர்" என்று குறிப்பிடும் வழக்கம் 1993 முதல் உள்ளது; 2025இலும் அது மீண்டும் ஒலித்தது. வரலாற்றுச் சான்றுகள் இதனை ஏற்கவில்லை. ஜப்பானைச் சேர்ந்த கோசாக்கு யமதா 1912இல், பெர்லினில் மாணவராக இருந்தபோதே நான்கு பகுதிகள் கொண்ட சிம்பொனி ஒன்றை எழுதினார். கொரியாவில் பிறந்து செருமனியில் வாழ்ந்த இசாங் யுன் 1980களில் ஐந்து சிம்பொனிகளை எழுதினார். இந்தியரை எடுத்துக்கொண்டால், பஞ்சாபில் பிறந்த நரேஷ் சோகல் பிரித்தானியாவில் வாழ்ந்து பெரிய இசைக்குழுக்களுக்கென எழுதியவர். சித்தார்க் கலைஞர் ரவிசங்கரின் சிம்பொனியை 2010 சூலையில் இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு டேவிட் மர்பியின் நடத்துதலில் வாசித்தது. அதில் அவர் மகள் அனுஷ்கா சங்கரின் சித்தார் முதன்மை பெற்றது. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் இசைக்குழுப் படைப்பொன்றை 1985இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் சுபின் மேத்தாவின் நடத்துதலில் அரங்கேற்றியது.

அப்படியாயின் வேலியண்ட் எவ்விதத்தில் வேறுபட்டது? ரவிசங்கர், சுப்பிரமணியம் ஆகியோரின் படைப்புகளில் இந்தியக் கருவி அல்லது இந்திய முறையில் வாசிக்கும் கலைஞர் நடுவில் அமர்ந்திருக்க, மேனாட்டுக் குழு அவரைச் சூழ்ந்திருக்கும். வேலியண்டில் அவ்வாறான நடுவர் எவருமில்லை. மேனாட்டுக் குழு மட்டுமே உள்ளது. இந்தியத் திரைப்படத்துறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர், வெளிநாட்டு இசைக் கல்லூரியில் சேர்ந்து பயிலாமல், தம் கையாலேயே நான்கு பகுதிச் சிம்பொனியை எழுதி, முன்னணி இலண்டன் குழுவைக் கொண்டு மக்கள் முன் வாசிக்கச் செய்தது இதற்கு முன் நிகழ்ந்ததில்லை என்று கூறலாம். இது போதுமான பெருமை. பொருந்தாத பட்டம் இதற்குத் தேவையில்லை.

கேட்பது எவ்வாறு

2025 மார்ச் 10 அன்று சென்னை திரும்பிய இளையராஜாவுக்கு வானூர்தி நிலையத்தில் தமிழ்நாடு அரசின் சார்பில் வரவேற்பு அளிக்கப்பட்டது. அப்போது அவர், சிம்பொனியைக் கைப்பேசிப் பதிவுகளிலோ பதிவிறக்கம் செய்தோ கேட்கவேண்டாம் என்றும், நேரில் அமர்ந்தே கேட்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பதின்மூன்று நாடுகளில் இதனை நிகழ்த்தும் திட்டம் உள்ளதாகவும் அறிவித்தார்.

இவ்வேண்டுகோளுக்கு இசை சார்ந்த காரணம் உண்டு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் டபுள் பேஸ் வரி ஏறக்குறைய முழுவதும் காணாமற்போகும். மெல்லொலிக்கும் முழக்கத்துக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடும். சிம்பொனியின் உணர்ச்சி அத்தூரத்தில்தான் பெரிதும் உள்ளது. ஆயினும் மறுபக்கமும் உண்டு. பண்ணைப்புரத்திலிருந்தோ கவரைப்பேட்டையிலிருந்தோ ஒரு கேட்பாளர் இலண்டன் செல்ல முடியாது. இளையராஜாவின் இசை ஊர்தோறும் பரவியதே தேநீர்க் கடை வானொலியாலும் ஒலிநாடாவாலும்தான். அவற்றின் ஒலித்தரமும் உயர்ந்ததன்று. 1993ஆம் ஆண்டின் படைப்புக்கு நேர்ந்ததை நினைவில் கொண்டவர்களிடம் இக்கவலை கூடுதலாகவே காணப்பட்டது.

இசைத்தாள் அச்சாகி, வேறு குழுக்களும் வேறு நடத்துனர்களும் எடுத்து வாசிக்கும்போதே ஒரு சிம்பொனி இசைமரபில் இடம்பெறுகிறது. முதல் வாசிப்பு சிறப்பாக நடந்தும் இரண்டாம் வாசிப்புக் கிடைக்காமல் மறைந்த சிம்பொனிகள் ஐரோப்பாவிலேயே எண்ணற்றவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2024 மே மாதம் இளையராஜாவின் பெயரில் இசைக் கற்றல் மற்றும் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அவருடைய இசைத்தாள்களை ஆராய்வதற்கு இத்தகைய மையங்கள் இடமளிக்கக் கூடும்.

பின்னிகழ்வுகள்

2025 மார்ச் 18 அன்று இளையராஜா பிரதமர் நரேந்திர மோதியைச் சந்தித்தார். அவர் 2022 முதல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் உள்ளார். சிம்பொனி அரங்கேற்றத்தையும் அவருடைய திரையிசைப் பணியின் ஐம்பதாம் ஆண்டையும் ஒட்டி, 2025 செப்டம்பர் 13 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தமிழ்நாடு அரசு பாராட்டு விழா நடத்தியது. நடிகர்கள் ரஜினிகாந்த், கமல்ஹாசன் ஆகியோர் கலந்துகொண்ட அவ்விழாவில், சிறந்த இசைக் கலைஞர்களுக்கு இளையராஜாவின் பெயரில் விருது வழங்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்; அவருக்குப் பாரத ரத்னா வழங்கவேண்டும் என்ற கோரிக்கையையும் முன்வைத்தார்.